இன்டர்வியூ வாசலில் விட்ட செருப்பு

இன்றைக்கு மார்க்கைத் தட்டினால் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது, உனக்குச் சீட்டு உண்டா இல்லையா என்று. நாங்கள் படித்த காலத்தில் பரீட்சை மார்க் மட்டும் போதாது. டாக்டர் படிப்புக்கு இன்டர்வியூ உண்டு. மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஊரைக் கேட்பார்கள், அப்பாவுக்கு என்ன வேலை என்பார்கள், இரண்டு பாடக் கேள்வி, ஒரு குறுக்குக் கேள்வி, அவ்வளவுதான். நீ டாக்டருக்கு லாயக்கா இல்லையா என்று பத்து நிமிஷத்தில் தீர்மானித்து அதற்கும் ஒரு மார்க் போடுவார்கள். வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டு அந்தப் பத்து நிமிஷத்தில் கவிழ்ந்துபோனவர்களை எனக்குத் தெரியும். நானும் கவிழ்ந்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது வயதாகிவிட்டது, கோபத்துக்கு வயதாகவில்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் அதற்கும் பங்கு உண்டு.

அப்பா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் ஃபோர்மேன். வெளியூர்க்காரர்கள் ஆபீஸ் என்றதும் மேஜை, நாற்காலி, ஃபைல் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற கொட்டகைக்கே ஆபீஸ் என்றுதான் பெயர். அப்பாவுக்குக் குச்சிக்கு மருந்து முக்குகிற ரூமில் வேலை. அந்த ரூம் தரையில் எப்போதும் மருந்துத் தூள் கொஞ்சம் சிந்திக் கிடக்கும். செருப்பு ஆணி அதில் உரசினால் போதும், குப்பென்று பிடித்துக்கொள்ளும். அதனால் முதலாளியே வந்தாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு அப்பாவுக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோகிற நாளிலிருந்து எனக்கு அது பழக்கம். ஆபீஸ் வாசல் என்றால் காலே செருப்பை உதறிவிடும், மூளையைக் கேட்காது. மழைக்காலத்தில் இன்னும் மோசம். கரிசல் மண் செருப்புக்கு அடியில் அப்பி, ஒரு காலுக்கு ஒரு வீசை கனக்கும். நாங்கள் செருப்பைக் காலில் போட்டு நடந்ததைவிடக் கையில் தூக்கிக்கொண்டு நடந்ததுதான் அதிகம்.

அம்மாவுக்கு இடைசெவல் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி, எனக்கு மாமா. ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தார். வாடகைச் சைக்கிள் ஆறேழு, பஞ்சர் ஒட்டுகிற தண்ணீர்த் தொட்டி ஒன்று, நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் தொட்டிலில் கிடக்கும்போதே அவருக்குத்தான் என்று பேசிவிட்டார்கள். அதை யாரும் ஒளித்துப் பேசியதும் இல்லை, என்னைக் கேட்டதும் இல்லை.

பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி பி.யூ.சி. படித்தேன். மார்க் நன்றாக வந்தது. டாக்டர் படிப்புக்கு மனு போட வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றதும் அம்மா அழுதாள், அப்பா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"இந்த ஒரு வாட்டி எழுதிப் போடு. சீட்டு கெடச்சா படி, நான் குறுக்க நிக்க மாட்டேன். கெடைக்கலேன்னா ஆவணியில கல்யாணம். மறுபேச்சு பேசக்கூடாது."

"சரி" என்றேன். மாமாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். "மச்சான் சொன்னாச் சரிதான்" என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தார்.

இந்த இடத்தில் வாசகர்கள், அந்த மாமா ஒரு முரடர், இந்தப் பெண் அவரிடமிருந்து தப்பிக்கத்தான் படிக்கப் போனாள் என்று நினைக்கக்கூடும். அப்படியே இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். எனக்கு அவரைப் பிடிக்கும். அவர் சிரித்தால் கடையில் நிற்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் டாக்டர் படிப்பு அதைவிடப் பிடித்திருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இடமில்லை.

இன்டர்வியூவுக்கு வரச்சொல்லி மதுரையிலிருந்து கார்டு வந்தது. அவ்வளவுதான், தெருவே வாத்தியாராகிவிட்டது. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் அண்ணாச்சி வலிய வந்து சொன்னார்.

"அவிய பாடம் கேக்க மாட்டாவ, பாத்துக்கோ. எதுக்கு டாக்டராவணும்னுதான் கேப்பாவ. ஏழைகளுக்குச் சேவை செய்யன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லிராத."

அடுத்த வீட்டுத் தபால்காரர், "எல்லாரும் அதத்தான் சொல்லுவான். நீ வேற சொல்லு" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் விலங்கியல் டீச்சர் ஒரு நீளமான கடிதம் எழுதினார். வெள்ளைச் சேலை கட்டு, தலையை இறுகப் பின்னு, பூ வைக்காதே, உட்காரச் சொன்னால் மட்டும் உட்கார், தெரியாததைத் தெரியாது என்று சொல், கோபப்படாதே. கடைசி இரண்டு வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். அம்மா சொன்னது ஒன்றே ஒன்று. "அந்த ரூம்புக்குள்ள நொழையும்போது வலது கால எடுத்து வச்சு நொழ. மறந்திராதட்டி." இத்தனை பேர் சொன்னதில் நான் தவறாமல் செய்தது அம்மா சொன்னதை மட்டும்தான்.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமா கூட்டிப்போவது என்று ஆயிற்று. "என் தம்பி போனா நான் போன மாதிரி" என்றாள் அம்மா. நான் தோற்றால் மாப்பிள்ளை ஆகப்போகிறவர் என்னை ஜெயிக்க வைக்கக் கூட்டிப்போகிறார். இதில் உள்ள வேடிக்கை வீட்டில் ஒருவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. ரயிலில் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்திருந்தது. சாத்தூர் தாண்டும் வரை இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பருத்திக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

"எனக்கு இருக்கு" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மதுரை ஸ்டேஷனில் இறங்கும்போது என் பழைய செருப்பின் வார் அறுந்துபோயிற்று. "சகுனம் சரியில்ல மாமா" என்றேன். மாமா அறுந்த செருப்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குச் சகுனம் என்ன, சனியனப் பிடிச்சுத் தூரப் போடு" என்று பிளாட்பாரத்திலேயே குப்பையில் போட்டார். ஸ்டேஷனுக்கு வெளியே கடை திறக்கிற வரை நின்று, புதுத் தோல் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். கடைக்காரர் எனக்குப் போட்டுக் காட்ட வந்ததும், "வையும், நானே பாத்துக்கிடுதேன்" என்று மாமாவே குனிந்து வார் பொருந்துகிறதா என்று பார்த்தார். அது நடந்தால் கிறீச் கிறீச் என்று சத்தம் போட்டது. "நல்லதுதான், நீ வாரேன்னு அவியளுக்கு முன்னாலயே தெரியும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்டர்வியூ நடந்த கட்டடத்தில் ஒரு பெரிய கூடம், அதைத் தாண்டி ஒரு வராந்தா, வராந்தாக் கோடியில் அந்த ரூம். மனுப் போட்டவர்களைக் கூடத்தில் உட்காரவைத்து, ஆறேழு பேராக வராந்தா பெஞ்சுக்குக் கூப்பிட்டு, அங்கிருந்து ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார்கள். கூட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு வராந்தாவிலேயே எதிர்ப் பக்கம் ஒரு பெஞ்சு. மாமா அதில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடத்தில் எல்லாப் பையன்களும் டை கட்டி, பாலிஷ் போட்ட பூட்ஸ் மாட்டி, இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மூலையில் நோட்டைத் திறந்து வைத்து, பார்த்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். வராந்தா பெஞ்சில் என் முறை வந்ததும் எழுந்து கிறீச் கிறீச் என்று நடந்து போனேன். பச்சை ஸ்கிரீன் தொங்குகிற வாசல் வந்தது. வலது கால், வலது கால் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். வாசலில் கால் இரண்டும் செருப்பை உதறியது எனக்கே தெரியாது. வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனேன். சேவகர் பின்னால் கதவைச் சாத்தினார்.

ஐந்து பேர். நடுவில் தலைவர், பெரிய சர்ஜன் என்று கேள்வி, தடித்த கண்ணாடி. அவருக்கு வலப்பக்கம் கதர்ச் சேலை கட்டிய லேடி டாக்டர். இடப்பக்கம் கோட்டுப் போட்ட ஒரு அதிகாரி. ஒரு ஓரத்தில் தூங்கி வழிகிற ஒரு பெரியவர். மறு ஓரத்தில் ஒருவர், பென்சில் சீவிக்கொண்டே இருந்தார், வேறு வேலையே செய்யவில்லை. பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். நானும் இங்கிலீஷில்தான் சொன்னேன், தப்பும் தவறுமாக.

ஊரைக் கேட்டார்கள், அப்பாவைக் கேட்டார்கள். எதற்கு டாக்டராக வேண்டும் என்று யாருமே கேட்கவில்லை, கம்பவுண்டர் அண்ணாச்சி சொன்ன பதில் வீணாய்ப் போயிற்று. கோட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"பெண்களுக்குச் சீட்டுக் கொடுக்கிறோம். நீங்கள் பாதியில் கல்யாணம் செய்துகொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறீர்கள். ஒரு பையனுக்குப் போகவேண்டிய சீட்டு வீண்தானே?"

எனக்குச் சுர்ரென்றது. டீச்சர் போட்ட இரண்டு கோடும் கண் முன்னால் வந்தன, வந்து என்ன செய்ய?

"சீட்டுக் கொடுத்தால் கல்யாணம் நின்றுவிடும் சார். கொடுக்காவிட்டால்தான் ஆவணியில் கல்யாணம்."

"அப்படியா? மாப்பிள்ளை யார்?"

"என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர்தான் சார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்."

லேடி டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். தூங்கியவர் விழித்துக்கொண்டார். கோட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பரவாயில்லை, ஒருவர் சிரித்துவிட்டார் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அப்போதுதான் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "கொக்கிப்புழு பற்றி என்ன தெரியும்?"

ஆகா, எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. டீச்சர் அதை மூன்று வாரம் நடத்தியிருந்தார். லத்தீன் பெயர், முட்டை, மண்ணில் அது வளர்கிற விதம், பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போகிற விதம், ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாகக் குடலுக்குப் போய் ரத்தத்தை உறிஞ்சுவது, சோகை பிடிப்பது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். தலைவர் முகத்தில் திருப்தி தெரிந்தது.

"தடுக்க என்ன வழி?"

"செருப்புப் போட்டு நடப்பதுதான் சார். யாருமே, எங்கேயுமே, வெறுங்காலோடு நடக்கக் கூடாது" என்று மேஜையைத் தட்டாத குறையாகச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து, பென்சில் சீவிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பென்சில் நழுவி விழுந்தது. எடுப்பதற்கு மேஜைக்கு அடியில் குனிந்தார். குனிந்தவர் உடனே நிமிரவில்லை. நிமிர்ந்ததும் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"இந்தப் பெண் காலில் செருப்பு இல்லையே!"

நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆத்தாடி, பத்து விரலும் சிமெண்டுத் தரையில் விரிந்து கிடந்தன. கோட்டுக்காரர் இப்போது சிரித்தார், அடேயப்பா, அப்படி ஒரு சிரிப்பு. தலைவர் சிரிக்கவில்லை. "நோயாளிக்கு எழுதிக் கொடுக்கிற மருந்தை டாக்டர் சாப்பிட மாட்டார் போலிருக்கிறது" என்றார்.

தீப்பெட்டி ஆபீஸ் மருந்து ரூமில் ஆணிச் செருப்பு ஆகாது, அந்தப் பழக்கத்தில் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும். அதற்குரிய இங்கிலீஷ் ஒன்றுமே வாயில் வரவில்லை. கோபத்துக்குரிய இங்கிலீஷ் மட்டும் சரளமாக வந்தது.

"இந்த ரூமில் கொக்கிப்புழு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை சார்."

 பென்சில்காரர் சீவுவதை நிறுத்திவிட்டார். தலைவர் தன் முன்னால் இருந்த தாளில் ஏதோ எழுதினார். "நீ போகலாம்" என்றார்.

வெளியே வந்தபோது கண்ணில் நீர் முட்டி வாசலே மங்கலாகத் தெரிந்தது. குனிந்து என் செருப்பைத் தேடினால், அதன் பக்கத்தில் வரிசையாக ஐந்தாறு ஜோடி பூட்ஸ் கிடந்தது. எனக்கு அடுத்துப் போகிறவன் சாக்ஸ் காலோடு நின்றுகொண்டிருந்தான், ஒரு சாக்ஸில் ஓட்டை, கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. டவாலி போட்ட சேவகர், "செருப்ப வெளிய விடுங்க, செருப்ப வெளிய விடுங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்காயிற்று. எல்லாரும்தானே கழற்றிவிட்டுப் போகிறார்கள், என்னை மட்டும் எதற்கு இளித்தார்கள்?

மாமா எழுந்து வந்தார். "என்னட்டி ஆச்சு?"

"போச்சு மாமா. எல்லாம் போச்சு." வராந்தா என்றும் பார்க்காமல் அழுதேன். அழுதுகொண்டே செருப்பு, பென்சில், கொக்கிப்புழு எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் அந்தப் பூட்ஸ் வரிசையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "சரி வா, காப்பி குடிப்போம்" என்றார்.

அந்தச் 'சரி வா' எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்குச் சந்தோசந்தான மாமா?" என்றேன்.

அவர் முகம் எப்படி ஆயிற்று என்று இன்றைக்கும் என்னால் எழுத முடியவில்லை.  என் நோட்டையும் பையையும் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் கிறீச் கிறீச் என்று பின்னால் போனேன். கோவில்பட்டி வரும் வரை அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை, தண்ணீர் வேண்டுமா என்று.

அதன்பிறகு வீட்டில் கல்யாணப் பேச்சுத்தான். அம்மா யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். மாமா வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். நான் அந்தப் பக்கம் போகிறபோது ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. என்னைக் கேட்டால், நான் துக்கமாக மட்டும் இருந்தேன் என்று சொல்ல முடியாது. அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு நாள், இங்கேயும் நான் நன்றாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்த மறுநிமிஷம் வீட்டுக்கு வந்து விலங்கியல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆடி முடிகிற சமயம் சீட்டு கிடைத்ததாகக் கார்டு வந்தது. தபால்காரர் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். அப்பா அதை மூன்று தடவை படித்தார், பிறகு சொன்ன சொல்லை நினைத்துப் பெருமூச்சு விட்டார். சாயங்காலம் மாமா வந்தார். கடலைமிட்டாய் ஒரு பெரிய பொட்டலம் கொண்டுவந்து தெருவில் வீடு வீடாக அவரே கொடுத்தார். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து, "ஏட்டி டாக்டரு, கையை நீட்டு" என்றார். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அம்மா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

காலேஜில் சேர்ந்த முதல் மாதம், சாக்ஸில் ஓட்டை போட்டுக்கொண்டு எனக்கு அடுத்து இன்டர்வியூவுக்குப் போனவன் என் வகுப்பிலேயே வந்து நின்றான். நல்ல பையன். அவன்தான் சொன்னான்.

"நான் உள்ளே போனதும் என் காலைத்தான் பார்த்தார்கள். தலைவர், இது என்ன, நீயுமா என்று கேட்டார். வெளியே கழற்றச் சொன்னார்கள் சார் என்றேன். அப்படியானால் உனக்கு முன்னால் வந்த பெண்ணுக்கும் அப்படித்தான் சொன்னார்களா என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? ஆமாம் சார் என்றேன். அந்த லேடி டாக்டர் ஏதோ சொன்னார். தலைவர் ரப்பரை எடுத்துத் தாளில் ஒரு இடத்தை அழித்துவிட்டு மறுபடி எழுதினார்."

அதனால்தான் சீட்டு கிடைத்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து அந்த டவாலிச் சேவகருக்கு மனசுக்குள் கும்பிடு போட்டு வந்தேன். என்னைப் பார்த்து அதுதான் வழக்கம் என்று நினைத்து, புண்ணியவான், எல்லாரையும் கழற்ற வைத்தாரே என்று.

மாமா இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டார். எட்டயபுரம் பக்கத்துப் பெண், எனக்கு அத்தை. நல்ல மனுஷி, என்னைவிட நன்றாகச் சமைப்பாள், என் அளவுக்கு வாயாட மாட்டாள். முதல் இரண்டு குழந்தையும் தங்கவில்லை. மூன்றாவதுக்கு வயிற்றில் தலைமாறிக் கிடக்கிறது என்றதும் மதுரைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் அப்போது அந்த ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன். சொந்தக்காரி என்று என்னை உள்ளே விடவில்லை, என் தோழி பார்த்துக்கொண்டாள். நல்ல உச்சி வெயில் நேரம். வெளி வராந்தாவில் மாமா உட்கார்ந்திருந்தார். வார்டு வாசலில் அவர் செருப்பு கிடந்தது.

அவர் பயந்துபோயிருந்தார். ஏதாவது பேசிச் சிரிக்க வைக்கலாம் என்று, "மாமா, செருப்பப் போட்டுக்கிடுங்க. இங்கன உண்மையிலேயே கொக்கிப்புழு இருக்கும்" என்றேன்.

சிரித்தார். "இன்னும் அத மறக்கலையா நீ?"

"எப்படி மறக்க? அந்தச் சேவகர் புண்ணியத்துலதான் நான் இங்க நிக்கேன். அவர் மட்டும் எல்லாரையும் கழட்டச் சொல்லலேன்னா, நான் ஒருத்தி மட்டும் பட்டிக்காட்டு லூசுன்னு எழுதியிருப்பாவ."

"எந்தச் சேவகன்? அவன் உன்னை உள்ள விட்டுட்டு பீடி குடிக்கப் போயிட்டாம்லா."

நான் அவரையே பார்த்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நீ செருப்ப உதறிட்டு உள்ள போனே. பெஞ்சுல இருந்த ரெண்டு பயலுவ ஒன் செருப்பக் காட்டிக் காட்டிச் சிரிச்சானுவ. அப்பந்தான் எனக்கு ஒறச்சுது, முன்னால போனவன் பூராவும் பூட்ஸோடல்லா போயிருக்கான். கூப்புடலாம்னா கதவச் சாத்திட்டாவ. என்ன செய்ய? நேரே அந்தப் பயலுவகிட்ட போனேன். 'தம்பி, பூட்ஸு உள்ள ஆகாதாம், கழட்டிட்டு வரச் சொல்லுதாவ'ன்னேன். வெள்ளை வேட்டி, தோள்ல துண்டு. நம்பிட்டானுவ. ரெண்டு பேரு கழட்டினதும் மத்தவனெல்லாம் தானாக் கழட்டினான். சேவகன் வந்து பாத்துட்டு, பெரியவிய உத்தரவு போலன்னு அவனும் வெரட்ட ஆரம்பிச்சிட்டான்."

 "நான் தோத்தா உங்களுக்குத்தான லாபம்?"

"லாபந்தான்" என்றார். "வீட்டுக்கு வெள்ளைகூட அடிச்சேன்லா." துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "கேள்விக்குப் பதில் தெரியாமத் தோத்திருந்தா, சந்தோசமாக் கூட்டிட்டு வந்து தாலி கட்டியிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம ஊரு வாசல்ல செருப்ப விடுத பழக்கத்துக்காவ நீ தோக்கக் கூடாது பாத்தியா. அது என்ன நியாயம்?" என்றார்.

"அன்னைக்கே ஏன் மாமா சொல்லல? உங்களுக்குச் சந்தோசந்தானன்னு கேட்டேன்லா. என் வாய அடைச்சிருக்கலாம்லா!" எனக்குக் கோபம் வந்துவிட்டது. வேறு எதுவும் வரக்கூடாதே என்றுதான் அந்தக் கோபம்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொல்லியிருந்தா நீ படிக்கப் போயிருக்க மாட்டட்டி."

அவர் சொன்னது சரி. போயிருக்க மாட்டேன். அது எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது, அவருக்கு ஆறேழு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. 

உள்ளே குழந்தை வீலென்று அழுதது. மாமா துண்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து ஓடினார், வெறுங்காலோடு.